பெயிண்ட்பால் பிறந்தநாள்: தேதி குறிப்பது முதல் சட்டை துவைப்பது வரை

பெயிண்ட்பால் என்பது பெயிண்ட் நிரப்பிய சின்னக் குண்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு, எதிரணியை அவுட்டாக்கும் ஆட்டம். அந்தக் களத்தில் கொண்டாடும் பிறந்தநாள் கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழிகளில். முதல் பத்து நிமிடத்திலேயே எல்லோருடைய குண்டும் தீர்ந்துவிடும். மாஸ்க்கின் உள்ளே ஆவி படிந்து, கண் தெரியாமல் ஒரு பையன் அதைத் தூக்கிவிடுவான். முதல் அடி பட்டதும் ஒரு பிள்ளை மிரண்டுபோய், மீதி நேரம் முழுக்க வேலி ஓரத்தில் உட்கார்ந்துவிடும். களத்தில் இறங்கிய பிறகு இவற்றைச் சரிசெய்வது கஷ்டம். மூன்றுக்கும் மருந்து முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 12, 13 வயதுப் பிள்ளைகள் 14 பேர், சென்னை மாதிரி வெக்கையான ஊர், திறந்தவெளிக் களம், ஒரு காலைப் பொழுது என்று வைத்துப் போட்டவை. உங்கள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதை நம்பித்தான் நிற்கிறது.

1. முதலில் வயது, பிறகு துப்பாக்கி

பரவலாகப் புழங்கும் பெயிண்ட் குண்டு 0.68 அங்குல விட்டம் கொண்டது. எடை சுமார் 3 கிராம். சிறுவர்களுக்காக வருவது 0.50 அங்குலம், எடை அதில் பாதிகூட வராது. அதைச் சுடும் துப்பாக்கியின் வேகமும் குறைவாக வைக்கப்படுவதால் வலி நன்றாகவே குறையும்.

12 வயதும் அதற்கு மேலும் என்றால் 0.68 போதும். 10, 11 வயதுக்கு 0.50 கேளுங்கள். பத்துக்குக் கீழே என்றால் வாயு சிலிண்டர் இல்லாமல், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி உள்ள இடமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால், குண்டுக்குப் பதில் ஒளிக்கதிரால் சுடும் லேசர் டேக்கில் கொண்டாடிவிடுங்கள். களம் வைத்திருப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள். அது உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, வருகிறவர்களில் மிகச் சிறிய பிள்ளைக்கும் பொருந்த வேண்டும்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு அளவையும் கலக்கவே கூடாது. 0.68 வைத்திருப்பவன் தூரத்திலிருந்தே அடித்துவிடுவான், 0.50 வைத்திருப்பவனின் குண்டு அவனைப் போய்ச் சேராது. சின்னப் பிள்ளைகள்தான் கூடுதல் தூரத்திலிருந்து, கூடுதல் வலியோடு அடி வாங்குவார்கள்.

திறந்தவெளிக் களங்களில் வேக உச்சவரம்பு பொதுவாக விநாடிக்கு 280 முதல் 300 அடி. பிள்ளைகளுக்கு 0.68 என்றால் 250 அடி அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும், அப்படி இல்லை. வேகம் ரொம்பக் குறைந்தால் குண்டு உடையாமல் துள்ளிப் போகும். உடையாத குண்டு உடைந்ததைவிடக் கூடுதலாக வலிக்கும், அவுட்டா இல்லையா என்ற சண்டையும் கிளம்பும்.

2. தேதியும் நேரமும்

பெயிண்ட் குண்டின் ஓடு ஜெலட்டினால் ஆனது. ஈரப்பதத்தில் ஊறி உப்பும், வெயிலில் இளகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் களம் சேறாகிவிடும். ஏப்ரல், மே வெயிலில் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டு ஓடச் சொல்வது பிள்ளைகளை வதைப்பது. ஜனவரி முதல் மார்ச் நடு வரை உள்ள காலைகள்தான் இதற்கு வாகானவை. பிறந்தநாள் மே மாதத்தில் வந்தால், விழாவை மட்டும் தள்ளிப் போடலாம், அல்லது கூரை போட்ட உள்ளரங்கம் தேடலாம்.

காலை 7 மணிக்கு வந்து சேர்வது, 10.30-க்குக் கிளம்புவது. மாலை நேரம் எடுத்தால் யாரோ ஒருவர் தாமதமாக வர, கடைசி ஆட்டம் இருட்டில் போய் முடியும். பெயிண்ட்பாலில் மங்கல் வெளிச்சம் ஆபத்து: மாஸ்க் கழற்றியவன் யார், போட்டிருப்பவன் யார் என்று தூரத்திலிருந்து தெரியாது.

மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். பதியும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, “அந்த நேரத்தில் களம் எங்களுக்கு மட்டும்தானா?” என்பது. பொதுநேரத்தில் போனால் ஆபீஸ் கூட்டமோ கல்லூரிப் பையன்களோ எதிரணியாக வந்து நிற்பார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்காது.

3. களத்தை நேரில் போய்ப் பாருங்கள்

போனில் பேசி முன்பணம் கட்டிவிடாதீர்கள். வேறு ஒரு குழு ஆடும் நேரமாகப் பார்த்துப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பார்க்க வேண்டியவை:

மாஸ்க். நீச்சல் கண்ணாடி, வெல்டிங் கண்ணாடி, பைக் ஹெல்மெட் எதுவும் இதற்கு மாற்று ஆகாது. பெயிண்ட்பாலுக்கென்றே செய்யப்பட்டதாக, ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 (ASTM F1776) என்ற தரக்குறிப்பு உள்ளதாக இருக்க வேண்டும். காதையும் வாயையும் மூட வேண்டும். லென்ஸில் விரிசல் இருக்கிறதா, லென்ஸ் சட்டத்தில் இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா, பட்டையின் எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா என்று நாலைந்து மாஸ்க்கையாவது கையில் எடுத்துப் பாருங்கள். முடிந்தால் இரட்டை அடுக்கு லென்ஸ் உள்ளதைக் கேளுங்கள். அதில் ஆவி படிவது குறைவு.

வலை. மாஸ்க் கழற்றக்கூடிய இடத்துக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே தரையிலிருந்து உயரமாக, ஓட்டை இல்லாமல் வலை இருக்க வேண்டும். கேக் மேசை, தாத்தா பாட்டியின் நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் அந்த வலைக்கு வெளியேதான். வெறும் கயிறு கட்டி “இதைத் தாண்டி வராதீங்க” என்று சொல்கிற இடமாக இருந்தால் வேறு களம் பாருங்கள்.

வேகம் அளக்கும் கருவி. குரோனோகிராப் இருக்கிறதா, தினமும் அளக்கிறார்களா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பூட்டிய துப்பாக்கியில் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். காலை 7 மணிக்கு 250-இல் வைத்தது 9 மணிக்கு அங்கேயே நிற்காது. அழுத்தமூட்டிய காற்றில் ஓடும் துப்பாக்கியில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. எதுவானாலும் நடுவில் ஒருமுறை மறுபடி அளக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.

மார்ஷல், அதாவது ஆட்டத்தைக் கண்காணிக்கும் களப் பணியாளர். 14 பிள்ளைகளுக்குக் குறைந்தது இருவர் களத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து போன் பார்க்கும் மார்ஷல் கணக்கில் சேர்த்தி இல்லை.

குழல் உறை. ஆடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் பேரல் முனையிலும் துணி உறை மாட்டி, கயிற்றைப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தவறி விசை இழுபட்டாலும் குண்டை அந்த உறை பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கப் போன நேரத்தில் உறை இல்லாமல் துப்பாக்கிகள் மேசை மேல் கிடந்தால், அந்த இடத்தின் பழக்கமே அதுதான் என்று அர்த்தம்.

பெயிண்ட் நிறம். சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடிபட்டது ரத்தமா பெயிண்ட்டா என்று நெருங்கிப் பார்க்காமல் தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு, இளம்பச்சை நல்லது.

4. குண்டுக் கணக்கு: விழாவின் உயிர் இங்கே இருக்கிறது

நம் ஊர்க் களங்களில் ஆளுக்கு 30, 40, 50 குண்டு என்று தொகுப்பாக விற்பது வழக்கம். புதிதாகத் துப்பாக்கி பிடித்த பிள்ளை 40 குண்டை ஐந்து நிமிடத்தில் காலி செய்யும். பிறகு, “அப்பா, இன்னும் வாங்கித் தா” என்ற குரல் பதினாலு திசையிலிருந்தும் கேட்கும். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். யார் காசு கொடுப்பது என்ற சங்கடம் விழாவின் நடுவில் வரவே கூடாது.

அதனால் ஆளுக்கு 120 குண்டு என்று நீங்களே மொத்தமாக வாங்கிவிடுங்கள். 14 பேருக்கு 1,680. 0.68 குண்டுகள் பெட்டிக்கு 2,000 என்று வரும், உள்ளே 500 வீதம் நான்கு பை. ஒரு பெட்டி எடுத்தால் 320 மிஞ்சும். அது கடைசி ஆட்டத்தில் இறங்கும் பெரியவர்களுக்கும், உடைந்து வீணாவதற்கும் சரியாக இருக்கும். பெட்டி விலை, தனிக் குண்டு விலை, பிரிக்காத பையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கியதை மொத்தமாகப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். துப்பாக்கி மேல் இருக்கும் ஹாப்பர் 200 குண்டு வரை கொள்ளும். நிரப்பிக் கொடுத்தால் முதல் ஆட்டத்திலேயே தீரும். ஆட்டத்துக்கு ஆட்டம் எண்ணிப் போடுங்கள்:

குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு 10, முதல் ஆட்டத்துக்கு 15, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 25, நான்காவதற்கு 20, கடைசிக்கு 25.

ஒவ்வொரு தடவையும் எண்ணுவது பெரும்பாடு. ஒரு காகிதக் கோப்பையில் 25 குண்டு எந்த மட்டம் வருகிறது என்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை எண்ண வேண்டாம். கையில் ஈரம் இருந்தால் குண்டைத் தொடக்கூடாது. இதற்கென்று பெரியவர் ஒருவரை நியமித்துவிடுங்கள், அவருக்கு வேறு வேலை தர வேண்டாம்.

இப்படிப் பிரித்துக் கொடுப்பதில் செலவு மிச்சம் என்பதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. 20 குண்டுதான் கையில் என்றால் பிள்ளை யோசித்துச் சுடும், மறைந்து நகரும், கூட்டாளியோடு பேசி வைத்து ஆடும். ஆட்டம் அப்போதுதான் ஆட்டமாகிறது.

பெட்டியைக் காரின் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். ஃபிரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துப் போய் ஓடு பிசுபிசுக்கும். உருட்டிப் பார்க்கும்போது நசுங்கலாக, பள்ளம் விழுந்ததாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாக இருந்தால் அந்தப் பையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

5. அழைப்பும் சம்மதமும்

அழைப்பில் தகவல் குறைந்தால் அன்று காலை அரைக்கைச் சட்டையும் செருப்புமாக வந்து நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். ஞாயிறு காலை 6.45-க்குப் பெயிண்ட்பால் களத்தில் இருக்க வேண்டும். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, ஷூ கட்டாயம். நகை எதுவும் வேண்டாம். லேசாக இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். ஆஸ்துமா, கண் அறுவை, ரத்தம் உறையாத பிரச்சினை, சமீபத்திய எலும்பு முறிவு இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அடி பட்டால் சுள்ளென்று வலிக்கும், சிலருக்குக் கன்றிப்போகும். இது தெரிந்து சம்மதித்தால் போதும். குண்டுச் செலவு எங்களுடையது.”

கடைசி மூன்று வரிகளை விட்டுவிடாதீர்கள். வலிக்கவே வலிக்காது என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளைதான் முதலில் அழும். நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அடியைவிடப் பெரிதாகிவிடும்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்வது மரியாதை. ஓட்டில் உள்ள ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. பன்றியா மாடா என்பது தயாரிப்பைப் பொறுத்தது. மாஸ்க்கின் வாய்ப்பகுதியில் குண்டு உடைந்தால் ஒரு துளி வாய்க்குள் தெறிக்கும். சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். உள்ளே இருக்கும் நிறக்கலவையில் பெரும்பகுதி பாலிஎத்திலீன் கிளைக்கால். தண்ணீரில் கரைந்துவிடும், ஒரு துளி பட்டால் மனிதருக்குக் கெடுதல் இல்லை.

சம்மதப் படிவத்தை அன்று காலை வாசலில் வைத்து வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது டிரைவராகவோ அத்தையாகவோ இருக்கலாம். கையெழுத்துப் போட அம்மாவோ அப்பாவோ இருக்க மாட்டார்கள்.

6. உடையும் கையில் இருக்க வேண்டியதும்

தொளதொளவென்று இரண்டு அடுக்கு. உள்ளே ஒரு பருத்தி பனியன், மேலே கொஞ்சம் பெரிய முழுக்கைச் சட்டை. தளர்ந்த துணி குண்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும் அடியை அப்படியே தோலுக்குக் கடத்தும். களத்தில் ஜம்ப்சூட் தருவார்கள் என்றாலும் உள்ளே முழுக்கை வேண்டும்.

கழுத்து எப்போதும் மறந்துபோகும் இடம். ஆளுக்கு ஒரு பருத்தித் துண்டோ பெரிய கைக்குட்டையோ வாங்கி நீங்களே கட்டிவிடுங்கள். கையில் தோட்டக் கையுறை போதும். மார்புக் கவசம் எல்லோருக்கும் இருக்கிறதா என்று களத்தில் எண்ணிப் பாருங்கள். பையன்களுக்குக் கிரிக்கெட் கிட்டில் இருக்கும் கார்டைப் போட்டுவரச் சொல்லலாம்.

கம்மல், சங்கிலி, மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டிலேயே. ஓடும்போது அறுந்து விழுந்த தங்கத்தைப் பெயிண்ட் படிந்த மண்ணில் தேடுவது நடக்காத காரியம். அதோடு, காதில் கம்மல் இருக்கும்போது மாஸ்க் மேல் அடி பட்டால் காது கிழியலாம். நீண்ட முடி இருந்தால் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டுச் சட்டைக்குள் விடுங்கள். உச்சிக் கொண்டை இருந்தால் மாஸ்க் பட்டை நழுவும்.

கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு அகலமான சட்டமுள்ள மாஸ்க்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மூக்கில் அழுந்தாமல் உள்ளே உட்கார வேண்டும். களத்துக்குப் போய்ப் பார்த்த அன்றே அந்தப் பிள்ளையையும் கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதி.

உங்கள் பையில்: ஐஸ் பை நான்கு, சுத்தமான பருத்தித் துணி, பேன்டேஜ், இரண்டு காகிதக் கோப்பை, அணி நாடா இரண்டு நிறத்தில், விசில், மைக்ரோஃபைபர் துணி ஆறு, மாற்று டி-ஷர்ட் நாலைந்து. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பைக்குள் புதைந்து கிடக்காமல், களத்தின் வாசலில் நிற்கும் பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

7. அன்று காலை, களத்துக்குள் போவதற்கு முன்

7.00 மணி: வருகை, நகைச் சோதனை, கழிப்பறை. மாஸ்க்கும் ஜம்ப்சூட்டும் போட்ட பிறகு கழிப்பறை கேட்டால் பத்து நிமிடம் போகும்.

7.10: மாஸ்க் மாட்டுவது. முதலில் தாடையை உள்ளே வைத்து, பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுங்கள். தலையைக் குனிந்து வேகமாக ஆட்டச் சொல்லுங்கள், மாஸ்க் நகரக்கூடாது. பின்பட்டை தலையின் புடைப்புக்குக் கீழே உட்கார வேண்டும், மேலே உட்கார்ந்தால் ஓடும்போது கழன்றுவிடும். இதைப் பிள்ளைகளிடம் விடாமல் 14 தலையையும் பெரியவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

7.25: விதிகள். மார்ஷல் படபடவென்று ஒப்பிப்பார். பிள்ளைகள் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்பே விதியைச் சொல்லி முடித்துவிடச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்:

களத்துக்குள் மாஸ்க்கைத் தொடக்கூடாது. ஆவி படிந்தால், பெயிண்ட் வழிந்தால், மூச்சு முட்டினால் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்து, ஒரு கையை உயர்த்தி, “மார்ஷல்” என்று கத்தி, அதே இடத்தில் உட்கார வேண்டும். மார்ஷல் வந்து வலைக்கு வெளியே கூட்டிப்போவார். யாராவது ஒருவர் மாஸ்க் இல்லாமல் தெரிந்தால், பார்த்தவர் யாராக இருந்தாலும் “நிறுத்து” என்று கத்த வேண்டும்; மொத்த ஆட்டமும் நிற்கும்.

பத்தடிக்குள் இருப்பவரைச் சுடக்கூடாது. அவரிடம் “சரணடை” என்று சொன்னாலே அவர் அவுட். தலை, கழுத்து குறி அல்ல. தலையை நீட்டாமல் கையை மட்டும் நீட்டிக் கண்மூடித்தனமாகச் சுடக்கூடாது. உடைந்து ஒரு ரூபாய் நாணயம் அளவு பெயிண்ட் ஒட்டினால்தான் அவுட். தெறித்த துளி கணக்கில்லை. அவுட்டானவன் கையைத் தலைக்கு மேல் வைத்து வெளியே நடக்கும்போது அவனைச் சுடக்கூடாது. கீழே விழுந்த குண்டைப் பொறுக்கி மறுபடி போடக்கூடாது: ஒட்டிய மண்ணோடு பேரலுக்குள் போய் உடையும், பிறகு போகிற எல்லாக் குண்டும் கோணலாகப் போகும்.

சொல்லி முடித்ததும் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: “மாஸ்க்கில் ஆவி படிந்தால் என்ன செய்வாய்?” பதினாலு பேரும் செய்து காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். அந்தக் காலையில் அதைவிட உருப்படியான இரண்டு நிமிடம் இருக்காது.

7.35: குறி பார்த்துச் சுடுவது. பழைய பிளாஸ்டிக் குடமோ அட்டைப் பெட்டியோ வைத்துப் பத்துக் குண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகும், குண்டு எவ்வளவு தூரம் போய்த் தாழ்கிறது என்றும் தெரியும். கோளாறான துப்பாக்கி இங்கேயே அகப்பட்டுவிடும்.

8. அணி பிரிப்பது

இரண்டு தலைவரை நிறுத்தி ஆள் எடுக்கச் சொன்னால் கடைசியாக எடுக்கப்படும் பிள்ளைக்கு விழா அங்கேயே முடிந்துவிடும். முந்தின இரவே நீங்கள் எழுதி வைத்துவிடுங்கள். உடல்வாகு, வேகம், முன் அனுபவம் பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். யாரையும் தெரியாத பிள்ளை ஒன்று இருக்கும். அதை அமைதியான, பொறுப்பான ஒருவனோடு ஒரே அணியில் வையுங்கள். இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு மூவரை இடம் மாற்றினால் ஒரு பக்கமே ஜெயிப்பது நிற்கும்.

நாடாவை இரண்டு கையிலும் கட்டுங்கள். ஒரு கையில் மட்டும் கட்டினால் மறுபக்கம் இருப்பவனுக்குத் தெரியாமல் சொந்த ஆளே சுடுவான்.

9. ஐந்து ஆட்டங்கள்

முதல் ஆட்டம் ஐந்து நிமிடம், மற்றவை எட்டிலிருந்து பத்து நிமிடம், நடுவில் பத்து நிமிட ஓய்வு. 7.45-க்குத் தொடங்கினால் 9.25-க்குள் முடியும்.

முதல் ஆட்டம், மீண்டு வரும் ஆட்டம். 15 குண்டு, ஐந்து நிமிடம். அடி பட்டவன் தன் அணியின் தொடக்க இடத்துக்கு ஓடி அங்குள்ள கம்பத்தைத் தொட்டுவிட்டு உடனே திரும்பலாம். யாரும் வெளியே உட்கார வேண்டியதில்லை. எல்லோருக்கும் முதல் அடி இந்த ஆட்டத்திலேயே, தோல்வியின் பாரம் இல்லாமல் பட்டுவிடும். அடி இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு பிள்ளைகளின் முகமே மாறிவிடும். புதியவர்களை எடுத்தவுடனே ‘கடைசி ஆள் வரை’ ஆட்டத்தில் இறக்குவதுதான் பலரும் செய்யும் பிழை: பயந்த பிள்ளை முதல் நிமிடத்திலேயே அவுட்டாகி ஒன்பது நிமிடம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, கொடி பிடிப்பது. களத்தின் நடுவில் ஒரே ஒரு கொடி. எடுத்து எதிரணியின் கம்பத்தில் சேர்த்தால் வெற்றி. இரண்டு கொடி வைத்தால் புதியவர்கள் எல்லோரும் தங்கள் கொடிக்குக் காவலாக நின்றுவிடுவார்கள், ஆட்டம் நகராது.

மூன்றாவது, காவலர் ஆட்டம். ஒருவரைக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். அவரிடம் துப்பாக்கி இருக்காது. பிறந்தநாள் பிள்ளையை அந்த இடத்தில் வைத்தால் எல்லோரும் அவனைச் சுற்றி நிற்பார்கள், அவனுக்கும் பெருமை. பாதியில் பக்கம் மாற்றி அடுத்த அணிக்கும் வாய்ப்புக் கொடுங்கள்.

சில இடங்களில் பிறந்தநாள் பிள்ளையைத் தனியாக ஓடவிட்டு எல்லோரும் சுடும் வழக்கம் உண்டு. மார்ஷலே ஆசையாகக் கேட்பார். மறுத்துவிடுங்கள். ஒரே உடம்பில், முதுகுப் பக்கம், பத்துப் பதினைந்து குண்டு விழும். கவசம் மார்புக்குத்தான், முதுகுக்கு இல்லை. கூட்டத்தின் முன்னால் முடியாது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முடிந்ததும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. வெயில் ஏறியிருக்கும், துப்பாக்கியின் வேகத்தை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். பேரலுக்குள் பெயிண்ட் உடைந்திருந்தால் துடைப்பான் கயிற்றை இழுத்துச் சுத்தம் செய்யவும் இப்போதே சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் ஹாப்பரைக் கழற்றி, வாயுவை மூடி, மீதி குண்டு இல்லை என்று பார்ப்பது மார்ஷலின் வேலை. பேரலின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். சுத்தம் செய்யும் மேசைப் பக்கமே விடாதீர்கள்.

நான்காவது, கடைசி ஆள் வரை. இப்போது எல்லோருக்கும் அடி பழகியிருக்கும், அதனால் தாங்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு முறை ஆடலாம்.

ஐந்தாவது, பெரியவர்களுக்கு எதிராக. மாமா, சித்தப்பா, அம்மா என்று ஐந்தாறு பேர் இறங்கட்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 15 குண்டு, ஓடக்கூடாது, நடக்க மட்டும்தான். பிள்ளைகளுக்கு மீண்டு வரும் வாய்ப்பு உண்டு. உடையும் மாஸ்க்கும் பெரியவர்களுக்கும் அதே விதி. அரைக்கால் டிரவுசரில் இறங்கும் மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள்.

10. ஆவி, அழுகை, காயம்

ஆவி படிந்த லென்ஸைச் சட்டையால் துடைத்தால் மணல் கீறி லென்ஸ் பாழாகும். சில மாஸ்க்குகளின் உட்பக்கம் ஆவி தடுக்கும் பூச்சு இருக்கும். அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் கூடாது. அதில் உள்ள அம்மோனியா, லென்ஸ் செய்யப்பட்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும், ஒற்றி எடுங்கள். ஓய்வு நேரம் முழுக்க மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பதுதான் ஆவிக்குப் பெரிய காரணம், வியர்வை அத்தனையும் அதற்குள்ளேயே நிற்கும். வலைக்கு வெளியே வந்ததும் முழுசாகக் கழற்றிக் காற்றில் வைக்கச் சொல்லுங்கள்.

அழும் பிள்ளையிடம், “இதுக்கெல்லாம் அழுவாங்களா?” என்று கேட்கவே கூடாது. வலை தாண்டிக் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து, அடிபட்ட இடத்தைப் பாருங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். பிறகு ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த ஆட்டத்துக்கு நேரம் பார்ப்பது, குண்டு நிரப்ப உதவுவது. பாதிப் பேர் தானாகவே அதற்கடுத்த ஆட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். சேராவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு விழாவில் ஒரு இடம் இருக்கும். வற்புறுத்தி உள்ளே தள்ளாதீர்கள்.

வட்டமாகக் கன்றிப்போவது சாதாரணம், சில நாளில் மறையும். கண்ணில் பட்டுவிட்டால் அது வேறு விஷயம். தேய்க்கக்கூடாது, அழுத்தக்கூடாது, சொட்டு மருந்து விடக்கூடாது. காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து ஒட்டி, நேராகக் கண் மருத்துவமனை. பார்வை நன்றாகத்தான் தெரிகிறது என்று பிள்ளை சொன்னாலும் போயாக வேண்டும். பக்கத்தில் எது திறந்திருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்து முன்பே விசாரித்து எழுதி வையுங்கள்.

11. தண்ணீர், கேக், சாப்பாடு

20 லிட்டர் கேன் ஒன்று இந்தக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு ஓய்விலும் தாகம் இருக்கிறதா என்று கேட்காமல் கோப்பையைக் கையில் கொடுங்கள். இரண்டாவது ஓய்வில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ், மூன்றாவதில் நீர்மோர். கோலா வேண்டாம்; வயிறு உப்பி ஓட முடியாது.

கேக் ஆட்டத்துக்கு அப்புறம்தான். முதலில் வெட்டினால் சாப்பிட்ட வயிற்றோடு ஓடி வாந்தி எடுப்பார்கள். நடுவில் வெட்டினால் பெயிண்ட் கையோடு சாப்பிடுவார்கள். கிரீம் கேக் இந்த வெயிலில் வழியும். களத்தில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால் கிரீம் பூசாத பிளம் கேக்கோ சாக்லேட் கேக்கோ சொல்லுங்கள், 14 பிள்ளைகளும் பெரியவர்களும் என்றால் இரண்டு கிலோ. 9.30-க்குக் கைகால் முகம் கழுவி, மாற்றுச் சட்டை போட்டு, 9.45-க்கு வெட்டலாம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் போன்றவை பொட்டலமாக வந்தால் பரிமாறும் வேலை இல்லை. நல்ல பசியில் இருப்பார்கள். வழக்கமாகக் கணக்குப் போடுவதைவிட இரண்டு மூன்று பொட்டலம் கூடுதலாகச் சொல்லுங்கள்.

12. கிளம்பும்போதும் வீட்டுக்குப் போன பிறகும்

மாஸ்க், துப்பாக்கி, கவசம் எண்ணி ஒப்படைத்து, மிஞ்சிய முழுப் பைகளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை அங்கேயே முடியுங்கள். கார் இருக்கையில் பழைய போர்வை விரித்துக்கொள்வது நல்லது.

துணியைச் சுருட்டிப் பையில் போட்டு மறுநாள் துவைக்கலாம் என்று விடாதீர்கள். காய்ந்த பெயிண்ட் பிடிவாதம் பிடிக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிறம் போகவிட்டு, அரை மணி ஊறவைத்து, அப்புறம் சோப்பு. முதல் அலசலுக்கு வெந்நீர் கூடாது.

ஞாபகத்துக்கென்று பிள்ளைகள் நாலு குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் நாய் இருக்கும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் கேட்டு வாங்கிவிடுங்கள். இனிப்புச் சுவை இருப்பதால் நாய் கடித்துத் தின்னும். உள்ளே உள்ள பொருள் குடலில் தண்ணீரை இழுத்து, ரத்தத்தில் உப்பை ஏற்றி, தள்ளாட்டமும் வலிப்பும் வரவழைக்கும். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வரியை மட்டும் அன்று மாலையே பெற்றோர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.